ஏதோ இருக்கோம்

ஜூன் 3

அன்புள்ள உம்மு,

ஏதோ இருக்கோம், சாமி புண்ணியத்துல. நீ எப்படி இருக்கே, வேளைக்குச் சாப்பிடறியா? உன்னை இன்னும் உம்முன்னு எழுதலாமான்னு சித்தப்பாகிட்ட கேட்டேன். பெரிய வேலைல இருக்கற பொண்ணு, மரியாதையா எழுதுன்னாரு. சின்னதுல யாரு என்ன குடுத்தாலும் மூஞ்சிய உம்முன்னு வெச்சுக்கிட்டுதானே வாங்குவே, அதுல வந்த பேரு, எப்படி மாத்தறது? அந்த உம்முணாமூஞ்சிக்கு இன்னைக்கு வீட்டுல உக்காந்து வேலை பாக்கறவங்களை எல்லாம் சிரிக்க வைக்கற உத்தியோகம். சாமிக்குத்தான் எவ்வளவு குறும்பு பாரு.

நீ சொன்ன மாதிரி போன்ல உன்கிட்ட எதுவும் பேசறதில்ல. என் போன்லயே கம்பெனிக்காரங்க எதையோ ஏத்தி வெச்சிருக்காங்க. அது எதைக் கேக்குமோ யாருகிட்ட சொல்லுமோ. நாம சொந்தம்னு தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் வம்புன்னு நீ சொன்னதால டீம்ல யாருகிட்டயும் மூச்சு விடல. காயிதம்னா ஒரு சௌகரியம், நடுவுல யாரும் "சித்தி, மீட்டிங் இருக்கு, வெச்சிடறேன்"னு சொல்ல முடியாது.

வேலைக்கு அடுப்படி பக்கத்து ரூம்தான். தெரு சத்தம் வராம ஜன்னல்ல போர்வையைக் கட்டிட்டேன். நான் ஹெட்போன் மாட்டினா சித்தப்பா செருப்பு போடக்கூடாது, தும்மக்கூடாது. பாவம், ரிட்டையர் ஆனதுல இருந்து அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு தும்மறதுதான். வாஷிங் மெஷின் ரிப்பேர்னு போன் பண்றவங்க திட்டறதைக் கேட்டுக்கணும், ஆளு என்னைக்கு வருவான்னு சொல்லணும். அது எனக்குக் கஷ்டமே இல்ல. உங்க சித்தப்பா வீட்டு ஆளுங்க பேச்சைக் கேட்டவளுக்கு இதெல்லாம் பாட்டு மாதிரி.

புரியாததெல்லாம் மத்ததுதான். வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லாரும் கேமராவைத் திறந்து வெச்சுக்கிட்டு ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சுக்கணுமாம். போன வாரம் லீடர் தம்பி, உங்களைப் பத்தி மூணு விஷயம் சொல்லுங்க, அதுல ஒண்ணு பொய்யா இருக்கணும்னான். பொய் சொல்லச் சொல்லி சம்பளம் குடுக்கற இடத்தை நான் இப்பதான் பாக்கறேன். நான் மூணும் நெஜமே சொன்னேன். எனக்கு ரெண்டு பசங்க, எனக்கு நீச்சல் தெரியும், நான் பொய் சொல்றதில்ல. எல்லாரும் மூணாவதுதான் பொய்னு கை தூக்கிட்டாங்க.

கப்பு ஒண்ணு வந்துச்சு, "நாம் ஒரே குடும்பம்"னு எழுதி. அன்னைக்கு சித்தப்பா பின்னாடி துண்டோட நடந்து போனதுக்கு, குடும்பத்தாரைக் கேமராவுல காட்டாதீங்கன்னு லீடர் தம்பி சொன்னான். அப்ப எது குடும்பம்? அதையும் நீயே எழுது.

அப்புறம் காலைல கம்ப்யூட்டரைத் திறந்ததும் அஞ்சு மூஞ்சி வருது. வாய் கொள்ளாம சிரிக்கறதுல ஆரம்பிச்சு அழுற வரைக்கும். ஒண்ணை அமுக்கினாத்தான் உள்ள விடுது. அது எதுக்குன்னு தெரியல, அமுக்கிட்டு உள்ள போயிடறேன்.

உடம்பைப் பாத்துக்கோ.

உன்
சித்தி


ஜூன் 17

அன்புள்ள சித்தி,

நான் நல்லா இருக்கேன். வேலை அதிகம், அவ்வளவுதான். அந்தக் கப்புக்குக் கலர் பார்த்தது நான்தான், பிடிச்சிருக்கா?

சித்தி, ஒரு விஷயம் கேக்கணும். அந்த அஞ்சு மூஞ்சி என்னோட வேலை. எந்த டீம் சந்தோஷமா இருக்கு, எந்த டீம்ல மனசு விட்டுப்போச்சுன்னு அதை வெச்சுதான் கணக்குப் பாக்கறோம். எல்லா டீம்லயும் உங்க டீம்தான் கடைசி. கொஞ்ச நஞ்சமில்ல, எல்லாருமே தினமும் அழுற மூஞ்சி. ஒருத்தர் விடாம. எழுதிப் பேசிக்கற இடத்துலயும் பேச்சே இல்ல, வெறும் புள்ளி புள்ளியா இருக்கு. எங்க ஆபீஸ்ல அதைப் பார்த்துட்டு, இங்க யாரும் யாரோடயும் பேசிக்கறதே இல்லன்னு முடிவு பண்ணிட்டாங்க.

லீடர் ரொம்ப கெடுபிடியா? யாராவது உங்களை அவமானப்படுத்தறாங்களா? என்கிட்ட மறைக்காதீங்க. அடுத்த மாசக் கடைசியிலயும் இப்படியே இருந்தா டீமைக் கலைச்சு ஆளுக்கொரு பக்கமா போட்டுடுவாங்க. அந்தப் பேப்பர் என் மேஜைக்குத்தான் வரும். நான் சேர்த்துவிட்ட இடத்துல நீங்க தினமும் அழுதுக்கிட்டு வேலை பாக்கறீங்கன்னு நினைச்சா எனக்கு எதுவும் ஓட மாட்டேங்குது.

அன்புடன்,
உங்கள் மகள்


ஜூன் 29

அன்புள்ள உம்மு,

ஏதோ இருக்கோம். உன் கடிதத்தைப் படிச்சுட்டு சிரிக்கறதா பயப்படறதான்னு தெரியல. சித்தப்பாகிட்ட குடுத்தேன், அவரும் படிச்சுட்டு, நீ தினமும் அழறியா, என்கிட்ட சொல்லவே இல்லையேன்னாரு. அந்த மனுஷனைத் தேத்தறதுக்கே ஒரு மணி நேரம் ஆச்சு.

யாரும் அழலை. காலங்காத்தால கம்ப்யூட்டரைத் திறந்ததும், நான் வாய் கொள்ளாம சிரிச்சுக்கிட்டு இருக்கேன்னு ஊருக்கெல்லாம் அமுக்கிக் காட்டினா கண்ணு படாதா? எந்த மகராசன் அந்தப் பக்கம் உக்காந்து பாக்கறானோ. நான் யாருக்காவது நல்லா இருக்கேன்னு எழுதி நீ பார்த்திருக்கியா? உங்கம்மா ஒருத்திதான் எல்லார்கிட்டயும் எனக்கென்ன குறைன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. அவ போனதுல இருந்து நான் ஏதோ இருக்கேன், அவ்வளவுதான். அதனால அழுறதை அமுக்கினேன். டீம்ல மத்தவங்ககிட்டயும் சொன்னேன். யாரும் மறுக்கல. டிரைவர் தம்பி மட்டும், "அக்கா, நடுவுல இருக்கற சும்மா மூஞ்சி போதாதா?"ன்னான். எதுக்குத் தம்பி வம்பு, நல்லா பாதுகாப்பாவே அமுக்குவோம்னேன்.

அவன் முன்ன லாரி ஓட்டினவன், முதுகு போனதால வீட்டுல உக்காந்து போன் எடுக்கறான். இன்னொருத்தி தையக்காரம்மா, தைச்சுத் தைச்சு கண்ணு மங்கிப்போய் இங்க வந்தவ. வாய் கத்தரிக்கோல் மாதிரி, மனசு பஞ்சு. அப்புறம் கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு ஒரு பொண்ணு, பிள்ளைக்காரின்னு கூப்பிடுவோம். இவங்க யாரையும் நான் நேர்ல பார்த்ததில்ல. ஆளுக்கொரு ஊரு.

அந்தப் புள்ளிக்கு வரேன். வேலைக்குச் சேர்ந்த புதுசுல போன் பண்ணின ஒருத்தன் என்னைக் கேக்கக் கூடாத வார்த்தை கேட்டுட்டான். கை தவறி எங்கயோ பட்டு, எல்லாரும் பாக்கற இடத்துல ஒரு புள்ளி விழுந்துடுச்சு. அதை எப்படி அழிக்கறதுன்னு நான் முழிக்கறேன், தையக்காரம்மா ஒரு புள்ளி வெச்சா. டிரைவர் தம்பி ஒண்ணு. பிள்ளைக்காரி ஒண்ணு. எனக்கு அடுத்து வந்த போனை தையக்காரம்மாவே எடுத்துக்கிட்டா. நான் எழுந்து போய் மூஞ்சி கழுவிட்டு வந்தேன். அதுல இருந்து அதுதான் பழக்கம். யாருக்குத் தாங்கலையோ அவங்க ஒரு புள்ளி வெப்பாங்க. மத்தவங்க பதிலுக்கு வெச்சுட்டு அவங்க அடுத்த போனை எடுத்துக்குவாங்க. என்னன்னு யாரும் கேக்கறதில்ல. குழந்தை வீல்னு அழுதாலும் புள்ளிதான், சித்தப்பா தும்மினாலும் புள்ளிதான்.

இதைப் போய் பேச்சே இல்லன்னு எப்படிச் சொல்றாங்க? எனக்கு ஒண்ணும் விளங்கல. நீ பெரிய படிப்பு படிச்சவ, உனக்காவது விளங்குதா?

டீமைக் கலைச்சுடாதே சாமி. இந்த வயசுல எனக்குப் புதுசா சிநேகம் கிடைச்சிருக்கு. இதையும் மெதுவாத்தான் எழுதறேன், யாராவது கண்ணு வெச்சுடப்போறாங்க.

உன்
சித்தி


ஜூலை 10

அன்புள்ள சித்தி,

நான் நல்லா இருக்கேன். உங்க கடிதத்தை நாலஞ்சு தடவை படிச்சேன். சிரிச்சேன். அப்புறம் இதை ஆபீஸ்ல எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சேன். சொல்ல வழியே இல்ல. கண்ணு படும்னு அழுற மூஞ்சியை அமுக்கறாங்கன்னு நான் சொன்னா, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க.

ஒரே ஒரு உதவி பண்ணுங்க. மாசக் கடைசி வரைக்கும் எல்லாரையும் சிரிக்கிற மூஞ்சியை அமுக்கச் சொல்லுங்க. அது வெறும் பொம்மை சித்தி. யாரும் கண்ணு வெக்கறதில்ல. அந்தப் பக்கம் மனுஷங்களே இல்ல, கூட்டிக் கழிக்கற மெஷின்தான். புள்ளியும் வேணாம். புள்ளியை அந்த மெஷின் பேச்சா எடுத்துக்காது. "அருமை", "இனிய நாள்", "சூப்பர்" இந்த மாதிரி ஏதாவது வார்த்தையா எழுதுங்க. கொஞ்ச நாள்தான். உங்க டீம் தப்பிச்சுடும்.

அன்புடன்,
உங்கள் மகள்


ஜூலை 28

அன்புள்ள உம்மு,

எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. ஏதோ இருக்கோம்னே வெச்சுக்கோ.

நீ சொன்னபடியே செஞ்சோம். சிரிச்சாத்தான் டீம் நிக்கும்னு மேலிடத்துல பேசிக்கறதாக் கேள்விப்பட்டேன்னு சொன்னேன், உன் பேரை இழுக்கல. தையக்காரம்மா, "சிரிக்கச் சொல்லி உத்தரவு போடறவன் முதல்ல சிரிச்சுக் காட்டட்டும்"னா. அப்புறம் அவளும் சரின்னுட்டா. நான் சாமி படத்துக்கு முன்னாடி நின்னு, இது பொய்யில்ல, வெறும் பொம்மைதான்னு சொல்லிட்டு வந்து அமுக்கினேன். கம்ப்யூட்டர் பூரா பலூனா பறந்துச்சு. லீடர் தம்பி வெள்ளிக்கிழமை வராமலே கேமராவைத் திறந்தான். பாவம், அவனுக்கும் மேல இருந்து என்னென்ன திட்டோ, கண்ணெல்லாம் கலங்கியிருந்துச்சு.

புள்ளியை நிறுத்திட்டோம். அருமை, அருமை, இனிய நாள்னு ஆளாளுக்கு எழுதினோம். கல்யாண வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு வாங்க வாங்கன்னு சொல்ற மாதிரி நாள் பூரா. நான்கூட அந்த வாரம் ஒரு கிழவரு திட்டினதுக்கு அருமைன்னு எழுதிட்டு அடுத்த போனை எடுத்தேன். வேற என்ன செய்ய?

ரெண்டாவது வாரம் ஒரு நாள் டிரைவர் தம்பியும் காலைல அருமைன்னு எழுதினான். மத்தியானம் இனிய நாள்னு எழுதினான். மறுநாள் ஆளே வரல. லீடர் தம்பி சொல்லித்தான் தெரியும், அவன் சம்சாரத்துக்கு நெஞ்சு வலி, ஆஸ்பத்திரில கிடக்கா. முதல் நாள் காலைலயே பக்கத்து ரூம்ல வலிக்குதுன்னு படுத்திருக்கா. இவன் இங்க ஹெட்போனை மாட்டிக்கிட்டு வாஷிங் மெஷினுக்குத் தேதி குடுத்துக்கிட்டு இருந்திருக்கான். பக்கத்து வீட்டுக்காரங்கதான் தூக்கிட்டு ஓடியிருக்காங்க. தையக்காரம்மா அவனுக்குப் போன் பண்ணி, ஏன்டா சொல்லலன்னு கத்தினா. "என்னன்னு எழுதறதுக்கா? அருமைன்னுதானே எழுதச் சொன்னீங்க"ன்னானாம். என்கிட்ட அவ சொன்னதும் நான் அடுப்பை அணைச்சுட்டு அப்படியே உக்காந்துட்டேன்.

இப்ப அவன் சம்சாரம் பிழைச்சுக்கிட்டா, சாமி காப்பாத்துச்சு. ஆனா எனக்கு எதுவும் புரியல உம்மு. நாங்க சிரிச்சுக் காட்டினதால கண்ணு பட்டுச்சா? இல்ல அவன் ஒரு புள்ளி வெச்சிருந்தா நாங்க எல்லாரும் அவன் போனை எடுத்திருப்போம், அவன் முன்னாடியே போயிருப்பான், அந்த வழி அடைபட்டதால இப்படி ஆச்சா? சித்தப்பா ரெண்டாவதுதான்னு சொல்றாரு. எனக்கு முதல்லதும் விடமாட்டேங்குது.

எப்படியோ, நாங்க மறுபடி பழையபடி அழுறதையே அமுக்க ஆரம்பிச்சுட்டோம். புள்ளியும் வெக்கறோம். கோவிச்சுக்காதே. யாருக்கும் சிரிக்க தைரியம் வரல.

ஒண்ணு கேக்கறேன். உங்க ஆபீஸ்லயும் அந்த மூஞ்சி உண்டா? நீ எதை அமுக்கறே?

உன்
சித்தி


ஆகஸ்ட் 9

அன்புள்ள சித்தி,

நான் நல்லா இருக்கேன்.

நடுவுல ஒரு வாரம் உங்க டீம்தான் முதல் இடம். என்னைக் கூப்பிட்டு எல்லார் முன்னாடியும் கை தட்டினாங்க. கடைசி டீமை எப்படி ஒரே வாரத்துல மேல கொண்டு வந்தேன்னு பேசச் சொன்னாங்க. படம் எல்லாம் போட்டுப் பேசினேன். அடுத்த வாரமே நீங்க எல்லாரும் மறுபடி அழ ஆரம்பிச்சுட்டீங்க.

இனிமே நம்ப மாட்டோம்னுட்டாங்க. டீமைக் கலைக்கற பேப்பர் வந்துச்சு. நான் கையெழுத்துப் போட்டுட்டேன். அடுத்த வாரத்துல இருந்து நீங்க எல்லாரும் வேற வேற டீம். உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது. டிரைவருக்கும் லீவு சொல்லி வாங்கிட்டேன். அது ஒண்ணுதான் என்னால முடிஞ்சுது.

கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி, அந்தப் புள்ளிக்கு என்ன அர்த்தம்னு சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. கை தட்டினவங்க எல்லாரும் என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க, சொல்லல. நீங்கதான் என் சித்தின்னு தெரிஞ்சுடும்னு பயமா, இல்ல நான் சொல்லிக்குடுத்துத்தான் நீங்க சிரிச்சீங்கன்னு தெரிஞ்சுடும்னு பயமா, எனக்கே தெரியல.

நான் எதை அமுக்கறேன்னு கேட்டீங்க. சிரிக்கறதைத்தான். சேர்ந்த நாள்ல இருந்து தினமும். இங்க கண்ணு படறதுக்கு ஒண்ணும் இல்ல சித்தி.

உங்கள் மகள்


ஆகஸ்ட் 24

அன்புள்ள உம்மு,

ஏதோ இருக்கோம்.

உன் கடிதம் வர்றதுக்கு முன்னாடியே கம்பெனி கடிதம் கம்ப்யூட்டர்ல வந்துடுச்சு. கீழ உன் கையெழுத்து. அதைப் பார்த்ததும் முதல்ல சந்தோஷம்தான் வந்துச்சு, நம்ம பொண்ணு எவ்வளவு அழகா போட்டிருக்கா, சித்தப்பாவைக் கூப்பிட்டுக் காட்டலாம்னு எழுந்தேன். அப்புறம்தான் மேல என்ன எழுதியிருக்குன்னு படிச்சேன்.

உன் மேல கோவமான்னு என்னையே கேட்டுக்கிட்டேன். சாமி முன்னாடி உக்காந்தும் பார்த்தேன். கோவம் வருது, உன் மூஞ்சி ஞாபகத்துக்கு வருது, கோவம் எங்க போச்சுன்னு தேட வேண்டியிருக்கு. நான் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா, நடு மூஞ்சியை அமுக்குங்கன்னு சொல்லியிருந்தாக்கூட டீம் தப்பிச்சிருக்குமோன்னும் தோணுது. டிரைவர் தம்பி அன்னைக்கே கேட்டான், நான்தான் வேணாம்னேன்.

கடைசி வெள்ளிக்கிழமை லீடர் தம்பி எதுவும் விளையாட்டு வெக்கல. எல்லாரும் சும்மா ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டு இருந்தோம். பிள்ளைக்காரி குழந்தையைத் தூக்கிக் காட்டினா. சித்தப்பாவும் துண்டோட வந்து நின்னாரு, யாரும் ஒண்ணும் சொல்லல. லீடர் தம்பி கடைசியா ஒரு புள்ளி வெச்சான். அவனுக்கு இத்தனை நாளும் தெரிஞ்சிருக்கு.

புது டீம்ல எல்லாரும் மரியாதையா இருக்காங்க. முந்தாநாள் பழக்க தோஷத்துல ஒரு புள்ளி வெச்சுட்டேன். உங்க கீபோர்டு சரியா இருக்காம்மான்னு கேட்டாங்க. இருக்குன்னேன். அடுத்த போனை நானே எடுத்தேன். நாங்க பழைய ஆளுங்க இப்ப சித்தப்பா போன்ல புள்ளி வெச்சுக்கறோம். அவரு முதல்ல போன் கெட்டுப்போச்சுன்னு கடைக்குத் தூக்கிட்டுப் போயிட்டாரு. ஆனா யாரு போனையும் யாரும் எடுத்துக்க முடியாது, வெறும் புள்ளிதான். அதுவும் ஏதோ ஒரு தெம்பா இருக்கு, ஏன்னு கேக்காதே.

கண்ணு படறதுக்கு ஒண்ணும் இல்லன்னு எழுதியிருந்தே. அந்த வரிக்கு மேல என்னால போக முடியல. அத்தனை பேரைச் சேர்த்து வெக்கறது உன் வேலை. உனக்குத் தாங்காத அன்னைக்கு உன் அடுத்த போனை யாரு எடுத்துக்கறாங்க? அங்க உன் பக்கத்துல யாரு இருக்கா? அதை ஒரு கடிதத்துலயாவது எழுதியிருக்கியான்னு எல்லாத்தையும் எடுத்து மறுபடி படிச்சேன். நான் நல்லா இருக்கேன், நான் நல்லா இருக்கேன்னுதான் இருக்கு. நீயும் அருமைன்னுதான் எழுதிக்கிட்டு இருந்திருக்கே, நான் பைத்தியக்காரி, கவனிக்கல.

பதில் போடு.

உன்
சித்தி


செப்டம்பர் 8

சித்தி,

.

உம்மு


அக்டோபர் 20

என் கண்ணு உம்மு,

நீ எழுதினதுல இது ஒண்ணுதான் எனக்கு ஒரே வாட்டில புரிஞ்சுது. சித்தப்பா காயிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, இங்க் தீர்ந்துபோச்சு போலன்னாரு. நான் போய் விளக்கேத்திட்டு வந்தேன்.

இந்தக் காயிதம் நேரா உன்கிட்ட வரல, அதான் இத்தனை தாமசம். நீ யாருன்னு பழைய ஆளுங்ககிட்ட சொல்லிட்டேன். மேல எழுத இடம் விட்டு, கீழ என் புள்ளியை வெச்சு, முதல்ல டிரைவர் தம்பிக்கு அனுப்பினேன். அவன் ஒண்ணும் கேக்காம வெச்சு, பிள்ளைக்காரிக்கு அனுப்பிட்டான். அவ வெச்சது கொஞ்சம் இழுத்துக்கிட்டுப் போயிருக்கும், குழந்தை கையைத் தட்டிடுச்சாம். தையக்காரம்மாதான் சண்டை. "கலைச்சுவிட்டவளுக்கா?"ன்னு கேட்டுட்டுப் போனை வெச்சுட்டா. காயிதத்தைத் திருப்பியும் அனுப்பல. சரி, கிழிச்சிருப்பான்னு நினைச்சுக்கிட்டேன். நேத்து வந்துச்சு. துணியில அடையாளம் போடற நீலச் சாக்கட்டியால, மத்த எல்லாத்தையும் விடப் பெருசா வெச்சிருக்கா. அழியாம இருக்க மேல மெழுகு வேற தேய்ச்சிருக்கா. கடைசிப் புள்ளி சித்தப்பாவோடது. எதுக்குன்னு தெரியாது, எனக்கும் ஒண்ணு வெக்கணும்னாரு.

காலைல உனக்கு எதை அமுக்கத் தோணுதோ அதை அமுக்கு. அடுத்த போனை எடுக்காதே. சித்தப்பா போன் நம்பர் உனக்குத் தெரியும், நாங்க எல்லாரும் அதுலதான் இருக்கோம்.

.  .  .  .  .

உன்
சித்தி